‘போன வருஷந்தானே போட்டோம்?’: தென் செபராங் பிறைத் தோட்டம் ஒன்றில் இரண்டு தேர்தல்கள்

பின்னணி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்த இந்தத் தோட்டம் பினாங்குத் தீவில் இல்லை. பெருநிலத்தில், தென் செபராங் பிறை மாவட்டத்தில், சுங்கை பாக்காப் சட்டமன்றத் தொகுதிக்குள் இருக்கிறது. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. குலை வெட்டுவது இப்போது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தமிழர்கள் லயத்து வீடுகளில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) குடியிருக்கிறார்கள்; வேலை மட்டும் பத்து காவான், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில். பிள்ளைகளில் பாதிப் பேர் கோலாலம்பூர், ஷா ஆலாம், ஜொகூர் பாரு என்று போய்விட்டார்கள். முதன்மைச் சாலைக்கு வர இரண்டரை கிலோமீட்டர் செம்மண் பாதை. அதற்குள் பஸ் வராது. வாக்களிப்பு மையமான பள்ளி ஏழு கிலோமீட்டர் தொலைவில்.

2022 நவம்பர் 19-இல் 15-ஆவது பொதுத் தேர்தல் நடந்தபோது பினாங்கு சட்டமன்றம் கலைக்கப்படவில்லை. ஆகவே அன்றைக்கு ஒரே ஒரு வாக்குச்சீட்டு, நாடாளுமன்றத்துக்கு. சட்டமன்றத்துக்கான வாக்கு 2023 ஆகஸ்டு 12-இல் தனியாக நடந்தது. 2024 மே 24-இல் சுங்கை பாக்காப் உறுப்பினர் காலமானதால் ஜூலை 6-இல் இடைத்தேர்தல் வந்தது. இருபது மாதத்துக்குள் மூன்று முறை விரலில் மை. இந்தக் குறிப்பு பின்னிரண்டுக்கும் இடைப்பட்ட பதினொரு மாதத்தைப் பற்றியது.

2023 வாக்களிப்பு முடிந்த மறுவாரம் கோயில் மண்டபத்தில் ஒரு பேச்சு எழுந்தது. ‘நம்ம ஆளுங்களுக்கு அக்கறை இல்ல, பாதிப் பேர் போகவே இல்ல’ என்றார் ஒருவர். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், கோயில் நிர்வாகத்தில் ஒருவர், தொழிற்சாலை மேற்பார்வையாளர், கல்லூரி மாணவிகள் இருவர் என ஐந்து பேர் சேர்ந்து, அக்கறைதான் காரணமா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினார்கள். எந்தக் கட்சிக்கு என்று கேட்பதில்லை என்பது முதல் விதி. கேட்டிருந்தால் இரண்டாவது வீட்டிலேயே கதவு சாத்தியிருக்கும்.

2023 ஆகஸ்டு: பார்த்தவை

தோட்டத்தில் வசிப்பவர்களும், வெளியூரில் இருந்தாலும் ஐசியில் (அடையாள அட்டையில்) தோட்ட முகவரி வைத்திருப்பவர்களுமாக, 18 வயது நிறைந்தவர்கள் 104 பேர். இவர்களில் 7 பேர் சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகள். மீதி 97 குடிமக்களில் வாக்களித்தவர்கள் 49. போகாத 48 பேரின் காரணங்களை ஆசிரியர் ஒரு நீண்ட நோட்டில் வரிவரியாக எழுதினார்.

வெளியூர் வேலையால் வராதவர்கள் 17. ஷிப்ட் காரணமாகப் போக முடியாதவர்கள் 9. முதுமை, நோய் 4. வேண்டாம் என்றே இருந்தவர்கள் 6. மீதி 12 பேரைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. இவர்களுக்கு இந்தத் தொகுதியில் ஓட்டே இல்லை.

நிபோங் திபாலைச் சுற்றி மூன்று மாநிலங்கள் முட்டிக்கொள்கின்றன. கிரியான் ஆற்றைத் தாண்டினால் பேராக்கின் பாரிட் புந்தார். பக்கத்திலேயே கெடாவின் பண்டார் பாரு. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது அங்கிருந்து இங்கே வந்த குடும்பங்கள் பல. வந்து இருபது வருடம் ஆகியும் ஐசியில் பழைய தோட்டத்து முகவரிதான். 12 பேரில் 8 பேர் பேராக் வாக்காளர்கள், 4 பேர் கெடா வாக்காளர்கள். பேராக் மாநிலம் தன் சட்டமன்றத் தேர்தலை 2022 நவம்பரிலேயே முடித்துவிட்டது. 2023 ஆகஸ்டு 12 அன்று அந்த 8 பேருக்கும் எந்த ஊரிலும் தேர்தல் கிடையாது. அவர்களையும் சேர்த்துத்தான் கோயில் மண்டபத்தில் திட்டியிருக்கிறார்கள்.

ஆக உள்ளூர்ப் பட்டியலில் இருந்தவர்கள் 85, போட்டவர்கள் 49.

சிவப்பு ஐசிக்காரர்களைப் பற்றி ஒரு சொல். எழுவரும் அறுபதைக் கடந்தவர்கள், இங்கேயே பால் வெட்டியவர்கள். 60 வயதைத் தாண்டிய இந்திய வம்சாவளி நிரந்தரவாசிகள் 3,407 பேருக்குக் குடியுரிமை தரப்படும் என்று 2018-இல் அரசாங்கம் அறிவித்தபோது மலாய் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. எழுவரில் இருவர் அப்போது விண்ணப்பப் பாரம் போட்டார்கள். மற்றவர்களுக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. இது தேர்தலை ஒட்டிச் சரிசெய்யக்கூடிய காரியமில்லை என்பதால் தனிக் கோப்பாக வைக்கப்பட்டது.

முகவரி என்ற முடிச்சு

2021 டிசம்பர் 15 முதல் 18 வயது ஆனவர்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்கிறார்கள். பதிய வேண்டியதில்லை. இதனாலேயே ஒரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது: ‘எல்லாம் ஆட்டோமேட்டிக், ஐசியில மாத்துனா ஓட்டும் மாறிடும்.’ மாறாது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் இரண்டு படி ஏற வேண்டும். முதலில் தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்ற வேண்டும். அதன்பின் தேர்தல் ஆணையமான எஸ்பிஆரிடம் வாக்களிப்புத் தொகுதியை மாற்றத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 12 பேரில் மூவர் முதல் படியை எப்போதோ முடித்திருந்தார்கள். இரண்டாவது படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

இளையவர்களுக்கு வேறு மாதிரி. முதல் மைகாட் (ஐசி அட்டை) 12 வயதில் எடுப்பது. அப்போது பாட்டி வீட்டில் இருந்த பிள்ளைக்குப் பாட்டி வீட்டு முகவரி. 18 வயதில் அட்டையைப் புதுப்பிக்கும்போது அதைத் திருத்தாவிட்டால், தானியங்கிப் பதிவு அந்தப் பழைய முகவரியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு பெண்ணுக்குத் தான் வாக்காளர் என்பதே, மாணவிகள் மைஎஸ்பிஆர் செமாக் தளத்தில் ஐசி எண்ணைத் தட்டிக் காட்டியபோதுதான் தெரிந்தது.

முகவரியை மாற்றாமல் இருப்பதற்குச் சோம்பல் காரணமென்று எளிதாகச் சொல்லிவிடலாம். நோட்டில் இருப்பது வேறு. பழைய தோட்டத்து முகவரியை விட்டால், அங்கே மலிவுவிலை வீடு கொடுக்கும்போது ‘நீ இங்க இருந்ததுக்கு என்ன சாட்சி’ என்று கேட்பார்களே என்ற பயம் நால்வருக்கு. இந்தப் பக்கத் தோட்ட அலுவலகத்துக்கோ நேர்மாறான பயம். ஓய்வு பெற்றவர் கம்பெனி வீட்டில் குடியிருக்கிறார் என்று கடிதம் கொடுத்தால், நாளைக்கு வீட்டைக் காலிசெய்யச் சொல்லும்போது அதுவே வழக்கில் வந்து நிற்கும். தண்ணீர் பில்லும் கரண்டு பில்லும் கம்பெனி பெயரில். குடியிருப்பவர் கையில் தன் பெயர் போட்ட தாள் ஒன்றுகூட இல்லை. வாக்குரிமை வந்து நின்ற இடம் வீட்டுரிமை.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

முகவரி. தோட்ட அலுவலகத்திடம் ‘குடியிருப்பு உரிமைக்கு ஆதாரமாகாது, முகவரி உறுதிக்கு மட்டும்’ என்று ஒரு வரி சேர்த்த கடிதம் கேட்கப்பட்டது. மூன்றாவது முறை போனபோது கிராணி (அலுவலக எழுத்தர்) கையெழுத்துப் போட்டார். அந்த வரி குடியிருப்பவர்களுக்கு நல்லதா கெட்டதா என்று குழுவுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. விரும்பாதவர்கள் கடிதம் வாங்க வேண்டாம் என்று விடப்பட்டது. பழைய வீட்டுரிமை பற்றிப் பயந்த நால்வருக்கும், பழைய முகவரி உள்ள பள்ளிச் சான்று, சம்பளச் சீட்டு, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) தாள் ஆகியவற்றை நகலெடுத்துப் பத்திரப்படுத்திய பிறகே மாற்றும்படி சொல்லப்பட்டது.

வெளியூர்க்காரர்கள். உள்நாட்டிலேயே வேறு மாநிலத்தில் வேலை செய்யும் சாதாரண வாக்காளருக்குத் தபால் ஓட்டு இல்லை. கோலாலம்பூரிலிருந்து போக வர 600 கிலோமீட்டருக்கு மேல்; டோல், பெட்ரோல், ஒருநாள் சம்பளம். அரசியல் சட்டத்தின் 119-ஆவது பிரிவும் வசிக்கும் தொகுதியைத்தான் பேசுகிறது. அங்கேயே நிலையாக இருப்பவர்கள் ஓட்டையும் அங்கே மாற்றிக்கொள்வது முறை என்று குழு எடுத்துச் சொன்னது. 6 பேர் மாற்றினார்கள். அவர்களில் மூவர் 2023-இல் ஊருக்கு வந்து போட்டவர்கள். மற்றவர்கள் மறுத்தார்கள்: ‘அப்பா அம்மா வீட்டுப் பிரச்சினைக்கு நான் செராஸ்ல ஓட்டு போட்டு என்ன ஆகப்போகுது?’ இந்த ஆலோசனையின் பின்விளைவு கீழே வருகிறது.

ஷிப்ட். ஒன்பது பேரும் பகல் ஷிப்ட்காரர்கள். வாக்களிப்பு காலை 8 முதல் மாலை 6 வரை. ஷிப்ட் காலை 7 முதல் மாலை 7 வரை. கம்பெனி பஸ் 5.45-க்குச் சாலை முனையில் ஏற்றி, இரவு 8-க்கு இறக்கும். வாக்களிக்க நியாயமான நேரம் தர வேண்டும், அதற்காகச் சம்பளம் பிடிக்கக்கூடாது என்று 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு முதலாளிகளைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் நண்பகலில் இரண்டு மணி நேரம் அனுமதி கிடைத்து என்ன செய்வது? பத்து காவானிலிருந்து பள்ளிக்கு வர பஸ் இல்லை. பாயான் லெப்பாஸ் என்றால் பாலத்தையும் தாண்ட வேண்டும். ஆகவே அனுமதி கேட்பதைவிட, அந்த ஒருநாள் இரவு ஷிப்டுக்கு ஆள் மாற்றிக்கொள்வது நல்லதென்று மேற்பார்வையாளர் சொன்னார். சட்டப் பிரிவைக் காட்டிக் கடிதம் கொடுத்தால் மேலாளர் முகம் கறுக்கிறது. ஆள் மாற்றுப் பாரத்தில் பேசாமல் கையெழுத்துப் போடுகிறார்.

வண்டி. ஒருவர் வேன் வாடகைக்கு 200 ரிங்கிட் தர முன்வந்தார். மறுக்கப்பட்டது. வாக்காளரை ஏற்றி இறக்கக் காசு கொடுப்பதைத் தேர்தல் குற்றச் சட்டம் தடுக்கிறது. நல்ல மனதோடு கொடுத்தாலும் பெயர் கெடும். சொந்த வண்டி உள்ளவர் தன் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் காசு வாங்காமல் அழைத்துப்போவது மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள்.

வேண்டாம் என்றவர்கள். ஆறு பேரும் நிலம் கைமாறியபோது சொல்லப்பட்ட வீடு கிடைக்காதவர்கள். ஒருவர் சொன்னது நோட்டில் அப்படியே இருக்கிறது: ‘காக்கா வலிப்பு வந்த மாதிரி அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வந்து கை குலுக்குறாங்க. சாக்கடைய அள்ள யாரும் வரல.’ மலேசியாவில் வாக்களிப்பது கட்டாயமில்லை. அவர்களை வற்புறுத்துவதில்லை என்று முடிவானது.

அவர் சொன்ன சாக்கடையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். லயத்துச் சாக்கடை, குப்பை, தெருவிளக்கு எல்லாம் தனியார் நிலத்தில் இருப்பதால் கம்பெனி பொறுப்பு. தோட்ட எல்லையைத் தாண்டினால் செபராங் பிறை மாநகர் மன்றத்தின் பொறுப்பு. கம்பெனியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. மாநகர் மன்றத்துக்கும் தேர்தல் இல்லை. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டவை. அவற்றைத் திரும்பக் கொண்டுவரப் பினாங்கு 2012-இல் சட்டம் இயற்றியும் 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒரு தோட்டக் குடும்பம் தினமும் மிதிக்கிற பிரச்சினைக்கும் அது போடுகிற ஓட்டுக்கும் நடுவே நேர்க்கோடு இல்லை. சட்டமன்ற உறுப்பினர் கடிதம் எழுதலாம், கம்பெனியோடு பேசலாம், அவ்வளவுதான். இதை மறைத்து ‘ஓட்டுப் போட்டால் மாறும்’ என்று பேசுகிறவர்களை இந்த ஆறு பேரும் நம்பாதது நியாயம்தான்.

2024 மே, ஜூன்

மே மாதத்துக்குள் 12 பேரில் 9 பேரின் பெயர் இந்தத் தொகுதிக்கு வந்துவிட்டது. ஒருவர் மாற்றவில்லை. மீதி இருவர் இடைத்தேர்தல் வரப்போகிறது என்று கேள்விப்பட்ட பிறகு, மே கடைசியில் விண்ணப்பித்தார்கள். பயனில்லை. மாற்ற விண்ணப்பம் பட்டியலாகி, பார்வைக்கு வைக்கப்பட்டு, ஆட்சேபம் கேட்டு, பிறகுதான் உறுதியாகும். இடைத்தேர்தலுக்கு அதற்கு முன்பே உறுதியான பட்டியல்தான் செல்லும். இடம் காலியானதிலிருந்து வாக்களிப்பு வரை 43 நாள். தேர்தல் வாசனை வந்தபின் முகவரி மாற்றப் போவது விதை முற்றியபின் உரம் போடுவது மாதிரி.

பெயர்ச்சீட்டு எழுதும் வேலை ஜூன் 22 வேட்புமனு நாளுக்குப் பிறகு தொடங்கியது. பள்ளியின் பெயர், சாலூரான் (வாக்களிக்கும் அறை) எண், பட்டியல் வரிசை எண் ஆகிய மூன்றையும் செமாக் தளத்தில் பார்த்து, கையகலத் தாளில் பெரிய எழுத்தில். சாலூரான் வயது வாரியாகப் பிரிக்கப்படுவதால் ஒரே வீட்டில் தாத்தாவுக்கு 1, அம்மாவுக்கு 3, மகனுக்கு 5 என்று வரும். 2023-இல் ஒரு குடும்பமே ஒரே வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று, உள்ளே போனதும் மூவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். மூவரில் ஒருவர் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்.

சீட்டுக் கொடுக்கப் போன வீடுகளில் அடிக்கடி கேட்ட கேள்வி: ‘போன வருஷந்தானே போட்டோம்?’ இது எதற்கான தேர்தல் என்று சொல்ல ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம் பிடித்தது. ‘இந்த ஒரு சீட்டால கவர்மண்ட் மாறுமா?’ என்று அடுத்த கேள்வி. மாறாது என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஜூலை 6

இரவு ஷிப்ட் முடித்தவர்கள் 7.40-க்கு வந்து, சீருடையைக் கழற்றாமல் நேராகப் பள்ளிக்குப் போனார்கள். குளித்துவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்த ஒருவர் தூங்கிவிட்டார். ஆள் மாற்றிக்கொள்ள முடியாதவர்கள் இருவர். ஒன்பதில் ஆறு.

எண்பது தாண்டிய ஒரு பாட்டி, பேத்தியின் மோட்டாரில் சாலை முனை வரை வந்து, அங்கிருந்து காரில் ஏறினார். அவருடைய அறை முதல் கட்டடத்திலேயே இருந்தது. கண் பார்வை மங்கலாக இருந்ததால் துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு பாரம் எழுதுவார்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பாட்டி வேண்டாம் என்றுவிட்டார். மை வைக்க அதிகாரி இடது ஆள்காட்டி விரலைக் கேட்டபோது, பால் வெட்டும் உளிக் கத்தி பிடித்துக் கோணிப்போன அந்த விரலை நிமிர்த்த வலது கையால் பிடித்து நீட்ட வேண்டியிருந்தது. உள்ளே நான்கு நிமிடம். வெளியே வந்து, ‘எங்க அப்பாரு காலத்துச் சின்னத்தைக் காணோமே’ என்றார். யாரும் மேலே கேட்கவில்லை.

பகல் 11 மணிக்குப் பிறகு ஆள் வரத்து நின்றுபோனது. நோட்டில் டிக் அடிக்கப்படாத பெயர்கள் சில வீடுகளில் கொத்துக் கொத்தாக இருப்பதை மாணவிகளில் ஒருவர் அப்போதுதான் கவனித்தார். அந்த வீடுகளுக்குப் போனபோது பெரியவர்கள் திண்ணையில் இருந்தார்கள். ‘தம்பி வரலையே’ என்றார்கள்.

விளைவு

தொகுதி முழுவதும் வாக்களித்தவர்கள் 63 விழுக்காட்டைச் சற்றே தாண்டினார்கள். தோட்டத்தில் பட்டியலில் இருந்த 89 பேரில் 54 பேர் போட்டார்கள். கிட்டத்தட்ட 61 விழுக்காடு. 2023-இல் அது 58. இந்த மூன்று புள்ளி உயர்வைப் பார்த்து மகிழலாம். ஆனால் நோட்டைப் பிரித்துப் படித்தால் கதை வேறு.

2023-இல் இங்கே போடாத 21 பேர் இம்முறை போட்டார்கள்: முகவரி மாற்றி வந்தவர்களில் 8, ஷிப்ட்காரர்கள் 6, வெளியூரிலிருந்து வந்தவர்கள் 4, முதியவர் ஒருவர், புதிதாக 18 ஆன மூவரில் ஒருவர், வேண்டாம் என்றிருந்த ஆறு பேரில் ஒருவர். அதேசமயம் 2023-இல் போட்ட 16 பேரின் ஓட்டு இங்கே விழவில்லை. மூவர் ஓட்டைக் கோலாலம்பூருக்கு மாற்றிக்கொண்டவர்கள். மீதி 13 பேரில் ஆறு பேர் ‘மூணாவது தடவையா?’ என்று சலித்தவர்கள். மற்ற ஏழு பேரும் ஓட்டை மாற்றிக்கொண்ட அந்த மூவரின் வீட்டார்.

2023-இல் அந்த மூவரும் வெள்ளிக்கிழமை இரவு காரில் வந்தார்கள். மறுநாள் காலையில் அப்பா, அம்மா, சித்தி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, சுங்கை பாக்காப்பில் சாப்பிட்டுத் திரும்பினார்கள். அந்த வீடுகளில் ஓட்டுப் போடுவதென்பது மகன் வரும் நாளின் ஒரு பகுதி. குழு நல்லெண்ணத்தோடு மகனின் முகவரியைச் சரிசெய்தது. மகன் வர வேண்டிய காரணம் போயிற்று, கார் வரவில்லை, பெரியவர்கள் பக்கத்து வீட்டுக் காரில் ஏறக் கூச்சப்பட்டு உட்கார்ந்துவிட்டார்கள். சீட்டு அவர்கள் சட்டைப் பையிலேயே இருந்தது.

மகன் ஓட்டை மாற்றியது தவறில்லை. வசிக்கும் இடத்தில் ஓட்டு என்பதுதான் முறை. நகரத்தில் வாக்காளர் தனியாள்; தோட்டத்தில் வண்டிக்கணக்கு. கணக்கெடுப்பு முழுவதும் ஆள் ஆளாக நடந்ததால் இது குழுவின் கண்ணில் படவில்லை.

மாற்ற வேண்டியவை

முகவரி வேலை தேர்தலோடு ஒட்டி நடக்கக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளி விடுமுறையில் வெளியூர்ப் பிள்ளைகள் வரும் சமயத்தில், ஒரு சனிக்கிழமை போதும். 18 ஆகப்போகிறவர்களை மைகாட் புதுப்பிக்கும் முன்பே பிடித்துவிட்டால் பின்னால் இரண்டு படி ஏற வேண்டியதில்லை.

ஷிப்ட் மாற்றுக்கு ஒரு மாதம் முன்பே பாரம் போட வேண்டும். வேட்புமனுவுக்குப் பிறகு கேட்டதால்தான் இருவருக்குக் கிடைக்கவில்லை. இரவு ஷிப்ட் முடித்தவர் வீட்டுக்கு வராமல் நேரே பள்ளிக்குப் போவது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

எதற்கான தேர்தல் என்ற விளக்கம் சீட்டுக் கொடுக்கும்போது சொல்லி முடியாது. கோயில் பூசைக்குப் பிறகு பத்து நிமிடம், இரண்டு வெள்ளிக்கிழமை. ஆறு பேரின் சலிப்புக்கு அது மருந்தாகுமா என்பது சந்தேகம்தான். சாக்கடை அள்ளப்படாத வரை சலிப்பு இருக்கும். லயத்து வடிகால் பற்றிக் கம்பெனிக்கும், 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டத்தைச் சுட்டித் தொழிலாளர் இலாகாவுக்கும் தனித்தனியே கடிதம் எழுதும் வேலையை ஆசிரியர் ஏற்றுக்கொண்டார்.

வெளியூர்ப் பிள்ளை ஓட்டை மாற்ற வரும்போது பாரம் எடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று சேர்ந்திருக்கிறது: ‘நீங்க வரலன்னா அம்மாவ யாரு கூட்டிட்டுப் போவா?’ பக்கத்து வீட்டுக்காரர் பெயரை அவர் வாயாலேயே சொல்லச் சொல்ல வேண்டும். மகன் போன் செய்து சொன்னால் பெரியவர்களுக்குக் கூச்சம் வராது.

நோட்டும் மாறியிருக்கிறது. பெயர், ஐசி, தொகுதி, சாலூரான் என்று ஆள்வாரியாக இருந்த வரிகள் இப்போது வீட்டு எண் வாரியாக இருக்கின்றன. கடைசியில் ஒரு புதிய கட்டம்: ‘யார் வண்டியில்?’ ஆசிரியர் கடைசியாகக் காட்டியபோது அதில் பதினொரு வீடுகளுக்கு எதிரே இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை.